வானொலியின் அச்சாணி யார் கையில்?

வல்வெட்டித்துறையில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், சென்ற ஆண்டு மாணவர்கள் ஊர் வரலாற்றுக் கண்காட்சியொன்றை ஒழுங்கு செய்தனர். இவ்வூர் மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிக் கப்பலின் படம், பழைய தேக்குமரப் பெட்டகங்கள், தைப்பொங்கல் நாளில் வானேறும் விண் பூட்டிய பட்டம் என்பன வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே மாணவி ஒருத்தி துருப்பிடித்த துவிச்சக்கர வண்டியொன்றை உருட்டி வந்து நிறுத்தினாள். அதன் டைனமோவிலிருந்து புறப்பட்ட இரு கம்பிகள் விளக்குக்குச் செல்லவில்லை. கைப்பிடியிற் கட்டப்பட்டிருந்த சிறு தகரப்பெட்டியொன்றினுட் சென்றன.

"இது அம்மப்பா றேடியோ கேட்ட சைக்கிள், சேர்" என்றாள் அவள்.

அருகில் நின்ற மாணவன் ஒருவன் சிரித்தான். "பற்றரி போட்டுக் கேட்டிருக்கலாமே!" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறியாமற் கேட்டான். முப்பது ஆண்டுகளுக்குள், ஒரு சமுதாயம் பட்ட பாடும், அப்பாட்டினூடே அது கண்டெடுத்த அறிவும், அதன் சொந்தப் பிள்ளைகளுக்கே விளங்காத செய்தியாகிவிட்டன. அந்தக் கேள்விக்கு ஆற அமர விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த நிலையம் திறக்கப்பட்டது, யார் முதலிற் பேசினார் என்பவையே ஏடுகளிற் பதிவாகின்றன. காதைத் தீட்டிக்கொண்டு மறுமுனையில் இருந்த மக்களுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் ஒலிபரப்பு என்பது இருவர் சேர்ந்து செய்யும் தொழில். சொல்பவன் மட்டுமே அதற்குச் சொந்தக்காரன் அல்லன்.

நமது நாட்டில் வானொலி பிறந்த கதையே ஒருவகையில் கைவேலையின் கதைதான். தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், முதலாம் உலகப்போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைப் பூட்டி, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. கொலைக்கருவியின் உறுப்புகளை எடுத்து அதனைப் பாடவைத்த அந்தச் செயலில் ஒரு நல்ல பாடம் உண்டு. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதனைச் செய்தவன் தீர்மானிக்கலாம். எதற்குப் பயன்படும் என்பதை அதனைத் திறந்து பார்க்க வல்லவனே தீர்மானிக்கிறான்.

வானொலியை ஊர்தியில் ஏற்றியதும் இத்தகைய கைகளே. அமெரிக்காவிற் கல்வின் சகோதரர்கள் 1930 இல் மோட்டோரோலா என்னும் பெயரிற் கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவருமுன்பே, ஆர்வலர் பலர் தத்தம் கார்களில் தாமாகவே வானொலியைப் பொருத்தி முயன்றிருந்தனர். அந்நாளில் அது எளிய வேலை அன்று. ஏரியலுக்காகக் கூரையின் உட்துணியைப் பிரிக்க வேண்டும். பற்றரிகளுக்காக இருக்கையின் கீழ் இடம் காண வேண்டும். இயந்திரத்தின் பொறி எழுப்பும் இரைச்சலை அடக்க வேண்டும். எனினும் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. வேலை முடிந்ததும் குமிழைத் திருகினால் வானத்தில் உள்ளது எல்லார்க்கும் பொதுவாக வந்து விழுந்தது.

இனி 1990 க்கு வருவோம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. அதைத் தொடர்ந்து அரசு விதித்த பொருளாதாரத் தடையிற் பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை ஆகியவற்றோடு சின்னஞ்சிறு பற்றரியும் சேர்ந்தது. ரோச் விளக்குக்குப் போடும் அந்தக் கட்டையை, போர்க்கருவியாகும் என்று கூறித் தடுத்தனர். ஆனால் அது நின்றுபோனபோது நின்றது வெடி அன்று. வீடுகளிற் செய்தி நின்றது.

செய்தியின்றி ஒருநாளும் கழியாத காலம் அது. எந்தப் பக்கத்திற் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, கடலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள், பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று அறிவது பொழுதுபோக்கு அன்று. உயிர் பிழைக்கும் வழி. இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை வரும். 1941 இல் தொடங்கிய அச்சேவைக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் ஆவார். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வரும், கடலுக்கு அப்பாலிருந்து திருச்சி வரும், கொழும்பு வரும். 1990 நவம்பர் முதல் புலிகளின் குரலும் வந்தது. அலைகளுக்குத் தடை போட எந்தச் சோதனைச் சாவடியாலும் இயலவில்லை. அவை ஆனையிறவையும் கடந்து, கடலையும் கடந்து, ஒவ்வொரு கூரையின் மேலும் வந்து விழுந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைச் செவிக்குக் கொண்டுவரும் ஒரு சிறு மின்னோட்டம்தான் இல்லை.

அந்த மின்னோட்டத்தைக் குடாநாட்டு மக்கள் துவிச்சக்கர வண்டியிற் கண்டனர்.

சைக்கிள் டைனமோ பொதுவாக ஆறு வோல்ற்று, மூன்று வாற்று தரும் கருவி. சில்லோடு உராய்ந்து சுழலும் தலை, உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் சுழலச் சுருளில் மின் பிறக்கும். ஆறு வோல்ற்று என்பது நாலு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டிய அளவேதான். சத்தத்தைக் குறைத்து வைத்தால், விளக்குக்கு வேண்டிய வலுவில் ஒரு சிறு பங்கே வானொலிக்குப் போதும். ஆனால் இடையில் ஒரு தடை உண்டு. பற்றரி தருவது நேரோட்டம். டைனமோ தருவது ஆடலோட்டம். நேராகப் பூட்டினால் வானொலி பேசாது, பழுதாகவும் கூடும். எனவே பழைய வானொலிகளிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி இடையே பற்றவைத்தனர். அவை மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டன. அப்போதும் ஓர் உறுமல் மிஞ்சிற்று. அதனைத் தணிக்கக் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தனர். மாணவி கொண்டுவந்த தகரப்பெட்டிக்குள் நாம் கண்டவை இவையே. பாடநூலில் இரண்டு அத்தியாயங்களுக்கு வரும் பௌதிகம் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கியிருந்தது.

வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தியோ, தலைகீழாகக் கவிழ்த்தோ மிதியைச் சுழற்றுவார்கள். மெதுவாகச் சுழற்றினால் அறிவிப்பாளரின் குரல் அமுங்கும். மிக வேகமாகச் சுழற்றினால் மின்னழுத்தம் ஏறி வானொலி எரிந்துவிடும். ஆகவே ஒரே சீராகச் சுழற்ற வேண்டும். முற்றத்துத் தென்னைக்கும் கூரைக்கும் இடையே செப்புக்கம்பி கட்டிச் சிற்றலையைப் பிடிப்பார்கள். செய்தி முடியும்வரை பிள்ளைகள் முறைவைத்துச் சுழற்றுவார்கள். 'மிதி, மிதி, செய்தி போகுது!' என்ற அதட்டல் அக்கால முற்றங்களின் வழமையான குரல் என்பதை எம்மிலும் மூத்தோர் இன்றும் சொல்வர். தமிழோசையைக் கேட்டு முடித்தவர்கள் கேட்டதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்கள். மறுநாட் காலையில் அது சந்தைக்குப் போய்விடும்.

இது தனித்து நின்ற விந்தை அன்று. மண்ணெண்ணெயைச் சேமிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்த கைகளும், ஓய்ந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து இன்னும் ஒருநாள் உழைக்கவைத்த கைகளும் இவையே. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதிற் பற்றாது. எனவே சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உசுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் இந்த அவமரியாதையைப் பொறுத்துக்கொண்டன, புதியனவாயின் பொறுத்திரா. பொருள் பழையது என்பதே இங்கு மக்களின் பேறாயிற்று. திறக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம் என்பதே அப்பழமையின் பொருள்.

இத்தகைய காட்சியை உலகம் முன்பும் கண்டிருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரிய மக்கள் போராடிய காலத்தில், 1956 இன் இறுதியில் அவர்களது போராட்ட வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. அதுவரை வானொலியை அந்நியர் வீட்டுப் பொருளாகக் கருதி ஒதுக்கிய மக்கள், பற்றரியில் இயங்கும் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கினர். ஆட்சியாளர் பெட்டிகளின் விற்பனைக்கு அனுமதிச்சீட்டு விதித்தனர். பின்னர் பற்றரிகளையே சந்தையிலிருந்து அகற்றினர். ஃபிரான்ஸ் ஃபனோன் 1959 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கும் அலைகள் குழப்பப்பட்டபோது, பெட்டியோடு காதை ஒட்டியிருந்த ஒருவர் கேட்டதைச் சூழ இருந்தோர்க்குச் சொன்னார். அல்ஜீரியாவும் யாழ்ப்பாணமும் ஒன்றல்ல; ஆயினும் ஆட்சிகள் பற்றரிக்கு அஞ்சுவது இரண்டிடத்தும் ஒரே காரணத்தால்தான். அறிய விரும்பும் மக்களை ஆள்வது கடினம்.

இவ்விடத்தில் நாம் நம்மையே எச்சரித்துக்கொள்ளவேண்டும். இல்லாமையைப் புகழ்ந்து பாடும் புராணமாக இவ்வரலாறு ஆகிவிடக் கூடாது. மிதித்த கால்கள் பெரும்பாலும் சிறுவர்களின் கால்கள், பசித்த கால்கள். எல்லா முற்றங்களும் எல்லாருக்கும் ஒரேபடி திறந்திருந்தன என்று சொல்லவும் நாம் துணியோம். திண்ணையில் இருந்து கேட்டவர் யார், வேலிக்கு அப்பால் நின்று கேட்டவர் யார் என்ற வேறுபாட்டை, சாதி இத்தனை ஆழமாக வேரோடிய மண்ணில், ஒரு தடைச் சட்டம் அழித்துவிடவில்லை. அதே 1990 இன் ஒக்டோபர் இறுதியில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அயல்வீட்டு வானொலியோடு அயல்வீட்டாரையே இழந்த முற்றங்களும் உண்டு. கேட்கும் உரிமைக்காகப் பெருமை பேசுவோர் அந்த மௌனத்தையும் கேட்கக் கடமைப்பட்டவர்.

ஒவ்வொரு நிலையமும் தன் நலத்தை ஒட்டியே பேசிற்று என்பதும் உண்மை. கொழும்பு மறைத்ததை வன்னி சொன்னது. வன்னி மறைத்ததை லண்டன் சொன்னது. லண்டன் பொருட்படுத்தாததை மணிலா சொன்னது. இவற்றை அடுத்தடுத்துக் கேட்டு, கூட்டிக் கழித்து, 'இவ்வளவுதான் உண்மை' என்று முடிவு கட்டிய கிழவர்களிடமும் கிழவிகளிடமும் எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத ஆய்வு முறை இருந்தது. குமிழைத் திருகினால் அடுத்த குரல் வரும் என்பதே அம்முறையின் அடிப்படை.

இனி, குடாநாட்டுச் சிறுவர்கள் மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உலகின் வேறிரு மூலைகளில் நிகழ்ந்த இரண்டு செயல்களை ஒப்புநோக்குவோம்.

ஆபிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிய அறிவை மக்களிடம் சேர்க்க வானொலியே சிறந்த வழி. ஆனால் மின்சாரம் இல்லை, பற்றரி வாங்கப் பணம் இல்லை. 1991 இல் இச்செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்ட ஆங்கிலேயரான ட்ரெவர் பேலிஸ், கையாற் சாவி கொடுத்து இயக்கும் வானொலியை ஆக்கினார். சுருள்வில் விரிய, டைனமோ சுழல, பெட்டி பேசிற்று. சில ஆண்டுகளில் அது தென்னாபிரிக்காவில் உற்பத்தி செய்யப்பட்டது. பேலிசின் பெயரை உலகம் அறியும், அது தக்கதே. சைக்கிள் வானொலியைக் கண்டவரின் பெயரை ஒருவரும் அறியார். அது ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. தேவை ஒரேகாலத்திற் பல முற்றங்களிற் கற்றுக்கொடுத்த பாடம்.

அதே எய்ட்ஸ் கவலையிலிருந்து வேறொரு வழியும் பிறந்தது. எத்தியோப்பியாவிற் பிறந்த சட்டத்தரணி நோவா சமாரா, வானிலிருந்தே ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வானொலி வழங்குவதென 1990 இல் வேர்ல்ட்ஸ்பேஸ் என்னும் நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கினார். அதன் ஆபிரிக்கச் செய்மதி 1998 ஒக்டோபரிலும், நம் தலைக்கு மேலாக வந்த ஆசியச் செய்மதி 2000 மார்ச்சிலும் ஏவப்பட்டன. தமிழ் உள்ளிட்ட பல மொழி அலைவரிசைகள் இரைச்சலின்றித் தெளிவாக வந்தன. பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் இத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரிற் கட்டுரை எழுதிய ஆதர் சீ. கிளாக், 1956 முதல் நம் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டவர் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அப்பாதைக்குக் கிளாக்கின் பெயரையே வழங்குவதுமுண்டு. தம் எண்ணத்துக்கு அவர் உரிமைப் பட்டயம் எதுவும் எடுக்கவில்லை.

அமெரிக்காவில் இதே தொழில்நுட்பம் 2001 இலிருந்து காரில் ஏறிற்று. 2005 இன் இறுதியிற் கனடாவிலும் தொடங்கியது. அங்கே வாழும் நம்மவர் பலர் இதனைத் தம் கைகளாலேயே பூட்டியுள்ளனர். விடுமுறைக்கு ஊர் வந்த உறவினர் ஒருவர் அதன் முறையை எமக்கு விளக்கினார். காந்த அடியுடைய சிறு ஏரியலைக் காரின் கூரையில் ஒட்ட வேண்டும். கம்பியைக் கதவோர இறப்பரின் உள்ளே ஒளித்துக் கீழிறக்க வேண்டும். பெட்டியை முன்பலகையிற் பொருத்தி, சிகரெட் மூட்டும் துளையிலிருந்து மின் எடுக்க வேண்டும். ஒலியை ஒரு வடத்தாலோ, வெற்றாயிருக்கும் பண்பலையொன்றின் மூலமோ காரின் பழைய வானொலிக்குள் விட வேண்டும். அரைநாள் வேலை. டைனமோவுக்கு டயோட்டுப் பூட்டியவருக்கு இது விளையாட்டு.

"ஆனால் கடைசியில் ஒன்று இருக்கு தம்பி" என்றார் அவர். "பெட்டியின்ர இலக்கத்தைக் கொம்பனிக்குச் சொல்லிக் காசு கட்டவேணும். அவன் மேல இருந்து திறந்துவிட்டால்தான் அது பேசும்."

நமது கட்டுரையின் மையம் அந்தக் கடைசி வேலையில் இருக்கிறது. ஏரியல் நம் கையில், கம்பி நம் கையில், கார் நம்முடையது, பெட்டியும் பணம் கொடுத்து வாங்கியது. அச்சாணி மட்டும் வேறொருவர் கையில். தேர் நம்முடையது என்று எப்படிச் சொல்வது?

வேர்ல்ட்ஸ்பேசின் முடிவு இதற்கு விடை சொல்லிற்று. முதலில் இலவசமாகக் கிடைத்த அதன் அலைவரிசைகள் பின்னர் சந்தாப் பூட்டுக்குட் சென்றன. ஆபிரிக்க ஏழைக்கென்று பிறந்த எண்ணம், சந்தா கட்ட வல்ல நகரத்து நடுத்தர வர்க்கத்தைத் தேடிச் சென்றது. அதன் சந்தாதாரரிற் பெரும்பான்மையோர் இந்தியாவிலேயே இருந்தனர். 2008 மார்ச்சிற் கிளாக் கொழும்பிற் காலமானார். அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நிறுவனம் கடனால் நொடித்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2009 டிசம்பர் 31 ஆம் நாளோடு இந்தியச் சேவை நின்றது. முன்பணம் கட்டியிருந்தோர் கைவிடப்பட்டனர். செய்மதி விழவில்லை, பெட்டி பழுதாகவில்லை, ஏரியல் முறியவில்லை. இருந்தும் ஆயிரக்கணக்கான வீடுகளில் நல்ல நிலையிலிருந்த பெட்டிகள் ஒரே இரவில் வெறும் பிளாஸ்ரிக் ஆயின. எந்த மிதியைச் சுழற்றியும் அவற்றைப் பேசவைக்க முடியாது.

நிலையம் மூடப்படுவது பழைய வானொலிக்கும் நேர்வதுதானே என்று கேட்கலாம். ஆம், தமிழோசையின் வானொலிக் குரலே 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றுவிட்டது. அன்று வருந்தாதவர் இல்லை. ஆனால் தமிழோசை நின்ற அன்று வானொலிப் பெட்டி சாகவில்லை. குமிழைத் திருகினால் இன்னொரு நிலையம் இருந்தது. பூட்டப்பட்ட பெட்டிக்கு அடுத்த நிலையம் கிடையாது. கொம்பனி இறந்தால் பெட்டியும் உடன்கட்டை ஏறுகிறது.

செய்மதியை நாம் பழிக்கவில்லை. புயலையும் கடற்கோளையும் முன்கூட்டி அறிவிக்கவும், நடுக்கடலில் நிற்கும் மீனவனுக்கு வழி காட்டவும் அது வேண்டும். 2004 டிசம்பரில் வடமராட்சிக் கரையைக் கடல் விழுங்கியபோது, வானத்தில் எத்தனை செய்மதிகள் இருந்தும் கரைக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. குறை கருவியில் இல்லை. கருவி யாருக்காக, யாரால், எந்த உறவில் இயக்கப்படுகிறது என்பதிலேதான் இருக்கிறது. இலாபத்துக்காகத் திறக்கப்படும் கதவு நட்டத்துக்காக மூடப்படும். மக்களின் செவிக்கு வேண்டியதை மக்களுக்குப் பொறுப்பான பொதுச்சேவையே தரவேண்டும். கருவியைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் வாங்கியவருக்கு உரிமை வேண்டும்.

இவை பழங்கதை என்று எண்ணியிருந்தோர்க்கு 2022 வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வறண்டு, பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மார்ச் இறுதியில் ஒருநாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. நம் மாணவர்களின் கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாய்க் கண்மூடின. அப்போது தென்னிலங்கை மக்களும் நாமும் ஒரே இருளில் இருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் குடாநாடு பட்டதை அவர்களுக்குச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்க முடியாது. ஆனால் சொல்வதற்கு முதலில் நாம் மறவாதிருக்க வேண்டும்.

கண்காட்சியின் கடைசி நாள் மாலை, கேள்வி கேட்ட அந்த மாணவனையே அழைத்து மிதியைச் சுழற்றச் சொன்னோம். தகரப்பெட்டியின் டயோட்டொன்று பழுதாகியிருந்தது. பௌதிக ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து மாற்றியிருந்தனர். முதலில் உறுமல் மட்டும் வந்தது. "இன்னும் கொஞ்சம் வேகமாய்" என்றாள் வண்டிக்குரியவள். அவன் மிதித்தான். உறுமல் தணிந்து, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் தமிழிற் பேசத் தொடங்கிற்று. அவன் வியந்து மிதியை விட்டான்; குரல் நின்றது. மறுபடி மிதித்தான், குரல் வந்தது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் ஊர்களிலும் இப்படியொரு தகரப்பெட்டி ஏதேனும் ஒரு கொட்டிலிற் கிடக்கக்கூடும். அதனைத் தேடி எடுங்கள். செய்தவர் உயிரோடிருந்தால் அவரை வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். அவர் சொல்லப்போவது கஷ்டகாலக் கதை மட்டும் அன்று. அச்சாணியை மக்கள் தம் கையில் வைத்திருந்த ஒரு காலத்தின் அறிவு.